இறப்புப் பதிவேட்டில் பக்கத்துக் கட்டம்

 

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், பழைய இறப்புப் பதிவேடுகள். சாவு எல்லோருக்கும் வரும் என்கிறோம். உண்மைதான். ஆனால் எந்த வயதில் வரும்? எந்த நோயின் பெயரால் வரும்? மருந்து கிடைத்த பின் வருமா, கிடைக்காமலே வருமா? இவை எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைந்ததில்லை. மாடி வீட்டுக்கு ஒரு கணக்கு, குடிசைக்கு ஒரு கணக்கு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. நூறு ஆண்டு, இருநூறு ஆண்டுக்கு முன் அந்தக் கணக்கு எப்படி இருந்தது என்று அறிய வேண்டுமானால் எங்கே போவது? ஏழைகள் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. கடிதம் எழுதி வைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதப்பட்ட ஒரே வரி, பல நேரங்களில், அவர்கள் இறந்த அன்று ஓர் ஏட்டில் எழுதப்பட்ட வரிதான்.

அந்த ஏட்டைக் கையில் எடுப்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த வரியை எழுதியது யார்? நோயின் பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் வேறு என்ன எழுதியிருக்கிறது? இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சில ஊர்களுக்குப் போய்வருவோம், வாருங்கள்.

முதலில் இலண்டன். 1603 முதல் அந்நகரில் வாரந்தோறும் சாவுப் பட்டியல் தொடர்ந்து வெளிவந்தது. ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால் தேவாலய மணி அடிக்கும். குழி வெட்டச் சொல்லி ஆள் போகும். செய்தி அறிந்ததும் சத்தியம் செய்து அமர்த்தப்பட்ட முதிய பெண்கள் அந்த வீட்டுக்குப் போவார்கள். பெரும்பாலும் அந்தத் தேவாலயப் பங்கின் உதவியை நம்பி வாழ்ந்த ஏழைக் கிழவிகள். மருத்துவம் படித்தவர்கள் அல்லர். உடலைப் பார்ப்பார்கள், வீட்டாரைக் கேட்பார்கள், காரணத்தைச் சொல்லிவிட்டுத் தங்கள் கூலியை வாங்கிக்கொண்டு போவார்கள். பட்டியலில் என்னென்ன காரணங்கள் தெரியுமா? காசம் இருக்கும், கொள்ளைநோய் இருக்கும், வயிற்றுக் கடுப்பு இருக்கும். பல் முளைத்ததால் சாவு என்று குழந்தைகளுக்கு இருக்கும். முதுமை, திடீர்ச் சாவு, துக்கத்தால் சாவு என்றுகூட இருக்கும்.

இந்தப் பட்டியல்களை முதன்முதலில் உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஒரு வணிகர். ஜான் கிராண்ட் என்று பெயர். பொத்தான், நாடா போன்ற சில்லறைச் சாமான் வியாபாரம். 1662-இல் அவர் வெளியிட்ட நூலைத்தான் மக்கள்தொகை ஆய்வின் தொடக்கம் என்கிறோம். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை பெரிய நகரில் மேகநோய்ச் சாவு ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது? அதுவும் ஏன் இரண்டு பங்குகளிலிருந்து மட்டும் பெரும்பாலும் வருகிறது? காரணத்தை அவரே எழுதி வைத்தார். மற்ற இடங்களில் பார்க்க வந்த கிழவிகளுக்கு மதுவும் இரட்டிப்புக் கூலியும் கிடைத்தன. மேகநோய் காசநோயாக மாறியது. காசு உள்ளவன் தன் வீட்டுச் சாவின் காரணத்தை விலைக்கு வாங்கினான். இல்லாதவன் சாவு உள்ளபடியே ஏடேறியது. 1665 கொள்ளைநோயின்போதும் இதுவே நடந்தது. நோய் கண்ட வீட்டை நாற்பது நாள் பூட்டிவிடுவார்கள். ஆகவே நோயின் பெயரை மறைக்கக் குடும்பங்கள் துடித்தன. அந்த ஆண்டு பட்டியல் காட்டும் கொள்ளைநோய்ச் சாவு 68,596. உண்மையில் இறந்தவர்கள் அதைவிட மிகுதி என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அன்பர்களே, இதைக் கேட்டதும் ஓர் ஐயம் எழும். பொய் கலந்த ஏட்டை நம்பி எப்படி வரலாறு எழுதுவது? எழுதலாம். பொய் எந்தத் திசையில் சாய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அந்தச் சாய்வே ஒரு சான்று. யாருக்கு மறைக்க முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்பதைவிடச் சமூகத்தைப் பற்றி வேறென்ன தெளிவாகச் சொல்லும்?

கிழவிகள் போய் மருத்துவர்களும் பதிவாளர்களும் வந்தார்கள். 1837 ஜூலை முதல் நாளிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசே பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியது. தலைமைப் பதிவு அலுவலகத்தில் 1839-இல் சேர்ந்தவர் வில்லியம் ஃபார் என்ற மருத்துவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த ஏடுகளோடு வாழ்ந்த மனிதர். முதல் அரையாண்டுக் கணக்கை அவர் தொகுத்தார். சுமார் 1,48,000 சாவுகள். அவற்றில் 63 சாவுகளுக்கு நேரே அவர் எழுதிய காரணம்: பட்டினி.

63 என்பது ஒரு பெரிய எண்ணா? இல்லை. ஆனால் அது ஓர் அரசாங்கத்தையே உறுத்தியது. 1834-இல்தான் புதிய ஏழைகள் சட்டம் வந்திருந்தது. உதவி கேட்பவனைப் பணிமனைக்குள் அடைக்கும் சட்டம். அதை நடத்திய ஆணையத்தின் செயலாளர் எட்வின் சாட்விக். நாட்டில் ஒருவன் பட்டினியால் செத்தான் என்று அரசு ஏடே சொன்னால், அந்தச் சட்டம் தோற்றது என்றுதானே பொருள்? சாட்விக் விளக்கம் கேட்டார். ஒவ்வொரு சாவாகத் துருவினார். இது தாய்ப்பால் இல்லாத குழந்தை, அது வேறு காரணம் என்று கழிக்கப் பார்த்தார். ஃபார் பின்வாங்கவில்லை. பசி நேரடியாகக் கொல்வது குறைவு. நோயை அழைத்து வந்து அதன் கையால் கொல்வதே மிகுதி. ஆகவே 63 என்பது மிகுதி அல்ல, மிகக் குறைவு என்பதே அவருடைய வாதம். இருவருமே பொதுச் சுகாதாரத்தின் பெரிய பெயர்கள். ஆனால் இந்த வழக்கில் என் மனம் ஃபாரின் பக்கம்தான் நிற்கிறது.

ஏன் தெரியுமா? இதே வழக்கு நம் மண்ணிலும் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சம். 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ஏற்பாடு செய்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்தார். உழைக்கும் உடம்பு இதில் நிலைக்காது என்று மருத்துவக் காரணம் காட்டி எழுதிக்கொண்டே இருந்தார். சில மாதங்களில் அந்த அளவு கைவிடப்பட்டது. அதற்குள் மடிந்தவர்கள் மடிந்தார்கள்.

அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதினார்கள்? கிராமத்தில் ஏடு எழுதியவர் கிராம முனிசீப்பும் கணக்குப்பிள்ளையும். அச்சடித்து வந்த படிவத்தில் வாந்திபேதி உண்டு, அம்மை உண்டு, காய்ச்சல் உண்டு, வயிற்றுப்போக்கு உண்டு, விபத்து உண்டு, இதர காரணங்கள் உண்டு. பசி என்று ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாத சாவு, இருக்கிற கட்டங்களுக்குள் புகுந்துகொண்டது. 1877-இல் வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஒரே நேரத்தில் வீங்கின. சாலையோரம் விழுந்தவர்கள் எந்த ஊர்க் கணக்கிலும் ஏறவில்லை. ஊரே கலைந்துபோன பிறகு எழுத யார் இருந்தார்கள்? அந்த வெற்றிடத்தை இன்னோர் ஏடு காட்டிக்கொடுத்தது. 1871 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் இருந்தவர்கள் 19,66,995 பேர். 1881-இல் 15,99,595 பேர். ஊரைவிட்டுப் போனவர்களும் இதில் அடக்கம். ஆனாலும் பத்தாண்டில் பெருக வேண்டிய மாவட்டத்தில் மூன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. இறப்பு ஏட்டைத் தனியாக நம்பாதீர்கள். பக்கத்தில் இன்னோர் ஏட்டை வைத்துப் பாருங்கள் என்று மாணவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

யார் எழுதினார்கள் என்ற கேள்வி இத்துடன் இருக்கட்டும். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பக்கத்துக் கட்டத்தில் என்ன இருக்கிறது?

சற்றுமுன் நான் குறை சொன்ன அதே சாட்விக்குக்குச் சேர வேண்டிய பெருமையையும் தந்தாக வேண்டும். 1842-இல் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றி அவர் ஓர் அறிக்கை தந்தார். இறந்தவர் வயதுக்குப் பக்கத்தில் அவர் தொழிலை வைத்தார். மான்செஸ்டரில் கனவான் வீடுகளில் இறந்தவர்களின் சராசரி வயது 38. வணிகர் வீடுகளில் 20. தொழிலாளர் வீடுகளில் 17. லிவர்பூலில் தொழிலாளர் வீட்டுச் சராசரி 15! கிராமப்புறமான ரட்லண்டில் கனவானுக்கு 52, தொழிலாளிக்கு 38. மீண்டும் பாருங்கள். ரட்லண்டின் ஏழைத் தொழிலாளியும் மான்செஸ்டரின் பணக்காரனும் ஒரே எண்ணில் நிற்கிறார்கள். வர்க்கமும் கொல்கிறது, ஊரும் கொல்கிறது. இரண்டும் சேர்ந்த இடத்தில் எண் 17.

இங்கே ஓர் எச்சரிக்கை. 17 என்றால் தொழிலாளிகள் எல்லோரும் பதினேழு வயதில் செத்தார்கள் என்று பொருள் இல்லை. குழந்தைகள் கூட்டம் கூட்டமாக இறந்ததால் சராசரி இறங்கியது. மேலும், இளம் குடும்பங்களும் குழந்தைகளும் மிகுந்த ஓர் ஊரில் இறப்பவர்களிலும் சிறியவர்களே மிகுதியாக இருப்பார்கள். ஊர் ஆரோக்கியமாக இருந்தாலும் சராசரி வயது தாழ்ந்தே தெரியும். இரண்டே ஆண்டில், 1844-இல், நீசன் என்ற காப்பீட்டுக் கணக்காளர் இந்தக் குறையை எடுத்துக் காட்டினார். இறந்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது, உயிரோடு இருந்தவர்கள் எத்தனை பேர் என்றும் எண்ண வேண்டும். இன்றைக்கும் தொலைக்காட்சி விவாதங்களில் இந்தப் பிழை நடமாடுகிறது.

மருத்துவர் ஜான் ஸ்னோவின் கதை உங்களில் பலர் அறிந்ததே, விரைந்து சொல்லிவிடுகிறேன். 1854 காலராவில் தென் இலண்டனில் ஒரே தெருவில் இரண்டு குழாய்க் கம்பெனிகள் தண்ணீர் விட்டன. ஒன்று நகரச் சாக்கடை கலந்த ஆற்று நீர். மற்றது மேலே போய் எடுத்த நல்ல நீர். இறந்தவர் வீட்டுக்கு எந்தக் கம்பெனி என்று பக்கத்தில் எழுதினார். பத்தாயிரம் வீட்டுக்கு ஒன்றில் 315 சாவு, மற்றதில் 37. பக்கத்துக் கட்டத்தின் வலிமைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் என் நெஞ்சில் நிற்பது கிளாஸ்கோ. அந்நகரின் சுகாதார அதிகாரி ஜேம்ஸ் பர்ன் ரஸ்ஸல் 1888 பிப்ரவரியில், இதுபோலவே ஒரு மன்றத்தில், ஒற்றை அறை வாழ்க்கை என்ற தலைப்பில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவர் செய்தது மிக எளிய காரியம். இறந்த குழந்தையின் வீட்டில் எத்தனை அறை என்று பார்த்தார். கிளாஸ்கோ மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் அந்த ஒற்றை அறைகளில் இறந்தார்கள். ஐந்து அறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில் இருந்தவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டுப் பேர். அங்கே இறந்த குழந்தைகள் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அத்தோடு அவர் நிற்கவில்லை. ஒற்றை அறையில் குழந்தை இறந்தால் உடலை எங்கே கிடத்துவார்கள் என்று கேட்டார். அதே மேசையில். அண்ணனும் அக்காளும் உண்டு உறங்கி விளையாடும் அதே அறையில். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பெரிய வீட்டுக்காரர்கள். எண்ணையும் சொல்லி, அந்த எண் இருந்த அறைக்குள்ளும் அவர்களை அழைத்துப் போனார் அந்த மருத்துவர். புள்ளிவிவரம் பேசும் எவருக்கும் அவர் ஆசிரியர்.

அடுத்து 1911. ஸ்டீவன்சன் என்ற புள்ளியியலாளர் இங்கிலாந்தின் குழந்தைச் சாவுகளைத் தந்தையின் தொழில்படி பிரித்தார். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவர்கள், மேல் வகுப்பில் 76; திறன் பயிற்சி இல்லாத கூலித் தொழிலாளர் வீட்டில் 153; சுரங்கத் தொழிலாளர் வீட்டில் 160. இருமடங்குக்கு மேல்! அதே பட்டியலில் விவசாயக் கூலிகளைப் பாருங்கள்: 97. கூலியில் கடைசி வரிசை, ஆனால் குழந்தை பிழைப்பதில் மேல். ரட்லண்ட் சொன்னதையே எழுபது ஆண்டு கழித்து இந்த எண்ணும் சொல்கிறது. வருமானம் ஒன்றே எல்லாம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். காற்று, நீர், இடநெருக்கடி ஆகியவற்றையும் கேளுங்கள்.

இப்போது பம்பாய். 1918 இன்ஃப்ளூயன்சா. இந்தியக் கிராமங்களில் அந்தச் சாவுகளில் பெரும்பகுதி பழைய காய்ச்சல் கட்டத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. பம்பாய் நகராட்சியோ இறந்தவரின் சமூகத்தையும் எழுதி வைத்திருந்தது. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேர், பார்சிகளில் 9 பேர், சாதி இந்துக்களில் 18.9 பேர். பதிவேடு தாழ்ந்த சாதி என்று குறித்த மக்களில்? 61.6 பேர். ஒரே நகரம். ஒரே நோய். அதே சில மாதங்கள். ஏழு மடங்குக்கு மேல் வேறுபாடு! கிருமிக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். உண்மை. சாள் எனப்படும் நெருக்கடியான குடியிருப்பிலும் தண்ணீர்க் குழாயிலும் கூலியிலும் மருத்துவரின் வாசலிலும் சாதி இருந்தது. கிருமி அந்த வழியே வந்தது.

ஆனால் நண்பர்களே, பக்கத்துக் கட்டம் இருந்தால் மட்டும் நீதி வந்துவிடுமா? அதைப் படிப்பவன் யார் என்பதும் உண்டல்லவா? அமெரிக்காவுக்கு ஒரு நிமிடம் வாருங்கள். அங்கே இறப்பு ஏட்டில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து எழுதினார்கள். கறுப்பின மக்களின் இறப்பு விகிதம் மிகுதி என்று எண்கள் காட்டின. 1896-இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற காப்பீட்டுப் புள்ளியியலாளர் அந்த எண்களை வைத்து, அந்த இனமே பலவீனமானது என்று ஒரு நூல் எழுதினார். அதே வகை எண்களைச் சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டூ பாய்ஸ் எடுத்தார். ஃபிலடெல்ஃபியாவின் ஏழாம் வட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். வாடகை என்ன, வீட்டில் வசதி என்ன, வேலை என்ன, கூலி என்ன என்று கேட்டு எழுதினார். 1899-இல் நூல் வந்தது. இறப்பின் வேர் இரத்தத்தில் இல்லை, வாழ வைக்கப்பட்ட நிலையில் இருக்கிறது என்று அவர் காட்டினார். எண்கள் ஒன்றே. ஒருவர் நாற்காலியில் இருந்து படித்தார். மற்றவர் படியேறிப் போய்ப் படித்தார்.

அந்தப் படியேறும் வேலையை நம் தமிழ்நாட்டிலும் செய்திருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை. 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் அவர்கள் குழுவினரும் சென்னை மாநகரிலும் விழுப்புரம் கிராமங்களிலும் பதிவான ஏறத்தாழ 80,000 பெரியவர்களின் இறப்பை எடுத்துக்கொண்டார்கள். முகவரியைப் பிடித்து வீட்டுக்கே ஆள் அனுப்பி, கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதினார்கள். முதுமை, காரணம் தெரியாது என்று ஏட்டில் கிடந்த பல சாவுகளுக்கு உருப்படியான காரணம் கிடைத்தது. புகைப்பழக்கம் பற்றியும் கேட்டார்கள். 2003-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவில் ஏறத்தாழ பாதிக்குப் புகைதான் பொறுப்பு. காசநோயை வறுமையின் நோய் என்கிறோம். ஏழையின் கையில் இருந்த பீடியும் அதற்குத் துணை நின்றது என்பதைச் சொல்ல, பக்கத்துக் கட்டத்தில் ஒரு கேள்வி சேர்க்க வேண்டியிருந்தது.

இன்னும் ஒரே ஓர் எடுத்துக்காட்டு. பெண்களைப் பற்றியது. ஸ்டவ் வெடித்தது, சேலையில் தீப்பிடித்தது: இந்தச் செய்தியை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். 2001-ஆம் ஆண்டுக்கான மருத்துவ இறப்புப் பதிவுகளையும் ஆய்வுத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், 2009-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். இந்தியாவில் அந்த ஓராண்டில் தீயால் இறந்தவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் பெண்கள் சுமார் 1,06,000 பேர். பெரும்பாலும் 15 முதல் 34 வயதுக்குள். காவல்துறைக் கணக்கைப்போல் இது ஆறு மடங்கு. அடுப்பு விபத்து என்றால் அடுப்படியில் நிற்கும் எல்லா வயதுப் பெண்களும் அல்லவா இறந்திருக்க வேண்டும்? ஏன் இளம் மனைவியர் வயதில் அந்தத் தீ இப்படிக் குவிகிறது? இதற்கு விடை சொல்லும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனால் வயது, பால் என்ற இரண்டு சாதாரணக் கட்டங்கள், மறைத்து எழுதிய காரணத்தைத் தாண்டி நம் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கின்றன.

பெரியோர்களே, இன்று நாம் எழுதும் ஏடு நாளைய வரலாற்றுச் சான்று. அது எப்படி இருக்கிறது? 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகள் சுமார் 81 இலட்சம். அவற்றில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை சுமார் 18 இலட்சம். அதாவது நூற்றுக்கு 22.5. மீதிப் பேர் எதனால் போனார்கள் என்பதை எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. அந்த மீதியில் யார் மிகுதியாக இருப்பார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மருத்துவ மாணவர்களே, சான்றிதழில் இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று எழுதி முடிக்காதீர்கள். எல்லோருக்கும் கடைசியில் அதுதான் நிற்கும். எந்த நோய் அதை நிறுத்தியது என்று எழுதுங்கள். வரலாற்று மாணவர்களே, வட்ட அலுவலகங்களிலும் நகராட்சிகளிலும் பழைய பிறப்பு இறப்பு ஏடுகள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தோடு உங்கள் தேடல் நிற்க வேண்டாம். பெயர்களை மறைத்து, எண்களைக் காப்பாற்றுங்கள்.

மூன்றாவது, இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும். இறப்பை 21 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அதற்கான படிவத்தில் இறந்தவரின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது, மருத்துவ கவனிப்புக் கிடைத்ததா என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெண் என்றால் கருவுற்றிருந்தாரா என்றும் கேட்கிறது. துக்க வேளையில் யாரோ ஒருவர் அவசரமாக நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு, அல்லது கூலி என்ற ஒற்றைச் சொல். உங்கள் உறவில், உங்கள் தெருவில் அந்தப் படிவம் உங்கள் கைக்கு வந்தால், அவர் சாயப் பட்டறையில் நின்றவரா, கல் உடைத்தவரா, சாக்கடையில் இறங்கியவரா, உப்பளத்தில் வெயில் காய்ந்தவரா என்று கேட்டு, முழுதாக எழுதிக் கொடுங்கள்.